கரண்ட் போனால் நோட் உடைகிறது: ஹூடி டெஸ்ட்நெட், டர்பனில் இருந்து

சாட்ஸ்வர்த்வாசி | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக வீட்டில் எத்தீரியம் பிளாக்செயினின் சோதனை வலையமைப்பான ஹூடி டெஸ்ட்நெட்டில் ஒரு நோட் (அந்த வலையமைப்பில் சேர்ந்த ஒரு கணினி) ஓட்டுகிறேன். இன்று மூன்றாவது முறையாக அதன் டேட்டாபேஸ் உடைந்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு மினி கணினி. 32 ஜிபி ரேம், 2 டெராபைட் என்விஎம்இ டிஸ்க், உபுண்டு. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில், நோட்டுக்குத் தேவையான கெத், லைட்ஹவுஸ் என்ற இரண்டு மென்பொருள்களும் ஓடுகின்றன. சோதனைக் காசை இலவசமாகக் கொடுக்கும் ஃபாசெட் தளத்தில் நாள்கணக்கில் சேர்த்த 32 சோதனை ஈத்தரை வைப்பாகப் போட்டு, பிளாக்குகளுக்கு வாக்களிக்கும் ஒரு வாலிடேட்டரும் தொடங்கியிருக்கிறேன். கணினி இருப்பது ஆயா வீட்டில், சாமி அலமாரிக்குக் கீழ்த் தட்டில். வீட்டில் ஃபைபர் பெட்டி வருகிற இடம் அதுதான்.

லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023-இல் இருந்தது போல இப்போது இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று மாதத்துக்கு இரண்டு முறையாவது இருட்டாகிறது. அதற்காக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். பேட்டரி குறைந்ததும் யுபிஎஸ் கணினிக்குச் சொல்கிறது, கணினி தானாகவே அணைகிறது. இதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் திரும்பப் போட்டதும் கெத் லாகில் 'அன்கிளீன் ஷட்டவுன்' (ஒழுங்காக நிற்கவில்லை) என்று வருகிறது. முதல் இரண்டு முறை பல மணி நேரம் பின்னோக்கிப் போய், பழைய பிளாக்குகளைத் திரும்ப ஓட்டி மேலே வந்தது. இன்று டேட்டாபேஸ் திறக்கவே மறுக்கிறது.

ஒழுங்காக அணைந்த கணினியில் இது ஏன் நடக்கிறது? இன்னொரு கேள்வியும் உண்டு. ஜோகன்னஸ்பர்கில் மாமா வீட்டில் சோலார் இருக்கிறது. அங்கேயும் ஒரு கணினியை வைத்து அதே வாலிடேட்டர் கீயை (வாக்குகளில் கையெழுத்திடும் சாவியை) போட்டால், இங்கே கரண்ட் போகும்போது அங்கே ஓடும் அல்லவா?

மிட்ராண்ட்நெல்லை | சனி, இரவு 10.05

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். காரணம் கேப்கடலோரம் அக்கா வந்து சொல்வார், அவருக்கு அதில் அனுபவம் அதிகம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கணினி ஒழுங்காக அணைவது வேறு, கெத் ஒழுங்காக நிற்பது வேறு. கெத் கடைசியாகக் கண்ட நிலைகளை உடனுக்குடன் டிஸ்கில் எழுதுவதில்லை, மெமரியில் அடுக்கி வைத்திருக்கும். 'நிறுத்து' என்ற சைகை வந்த பிறகுதான் அந்த அடுக்கை எல்லாம் டிஸ்கில் இறக்கிவிட்டு வெளியேறும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். உன் டிஸ்க் மெதுவானது என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

டாக்கர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. நிறுத்தச் சொன்னால் முதலில் சிக்டெர்ம் ('நில்' என்ற சைகை) அனுப்பும், வழக்கமாகப் பத்து விநாடி பார்க்கும், அதற்குள் நிற்கவில்லை என்றால் சிக்கில் (உடனே கொல்லும் சைகை). அது கரண்ட் பிடுங்கியதற்குச் சமம். உபுண்டு அழகாக அணைந்தது போலத் தெரியும், உள்ளே கெத் வெட்டுப்பட்டிருக்கும்.

டாக்கரின் அமைப்புக் கோப்பான கம்போஸ் கோப்பில் ஸ்டாப் கிரேஸ் பீரியட் (நிற்கக் கொடுக்கும் அவகாசம்) என்று ஒரு வரி சேர். கெத்துக்கு ஐந்து நிமிடம், லைட்ஹவுஸுக்கு ஒரு நிமிடம் கொடு. கணினியே அணையும்போது டாக்கர் டீமனுக்கும் (பின்னணியில் ஓடும் டாக்கர் நிரலுக்கும்) தனியாக ஒரு காலக்கெடு உண்டு, அதையும் உயர்த்த வேண்டும். டாக்கர் இல்லாமல் உபுண்டுவின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியில் ஓட்டுகிறவர்களுக்கு வழக்கமான காலக்கெடு 90 விநாடி. அதையும் நான் 300 ஆக்கித்தான் வைத்திருக்கிறேன்.

கேப்கடலோரம் | சனி, இரவு 11.20

தம்பி, மாமா வீட்டுக் கணினியில் அந்தக் கீயை இன்னும் போடவில்லைதானே? போட்டிருந்தால் இந்த நிமிடமே எடுத்துவிடு.

ஒரே கீ இரண்டு இடத்தில் ஓடினால், ஒரே நேரத்துக்கு இரண்டு வேறு வாக்குகளில் கையெழுத்து விழும். வலையமைப்பின் கண்ணில் அது ஏமாற்று. பெயரே ஸ்லாஷிங்: வைப்பில் ஒரு பகுதி வெட்டுப்படும், வாலிடேட்டர் கட்டாயமாக வெளியேற்றப்படும், திரும்பச் சேர்க்க வழியில்லை. கரண்ட் போய் ஒரு நாள் முழுக்க நோட் நின்றிருந்தாலும் இழப்பது மிகச் சிறியது. ஒரு ஸ்லாட் 12 விநாடி, 32 ஸ்லாட் சேர்ந்தால் ஒரு எபாக், அதாவது ஆறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எபாக்குக்கு ஒரு வாக்குத்தான் தவறும். மீண்டும் எழுந்து கிட்டத்தட்ட அதே அளவு நேரம் வேலை செய்தால் அதை ஈடுகட்டிவிடலாம்.

நான் வேலையிடத்தில் சர்வர் பார்க்கிறவள். அங்கே 'எப்போதும் ஒரு மாற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வாலிடேட்டருக்கு அந்தப் பழக்கமே ஆபத்து. இங்கே நின்று போவது சின்னத் தவறு, இரட்டையாக ஓடுவது பெரிய தவறு. எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கணினியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதை நிறுத்து, அதில் இருந்து கீயை நீக்கு, ஸ்லாஷிங் பாதுகாப்புப் பதிவை (எதற்கெல்லாம் ஏற்கெனவே கையெழுத்திட்டோம் என்ற குறிப்பை) ஏற்றுமதி செய். இரண்டு மூன்று எபாக் வெறுமனே காத்திரு. பிறகு புதியதில் கீயையும் அந்தப் பதிவையும் சேர்த்து இறக்கு. ஒரு கிளையன்ட்டில் (கெத், லைட்ஹவுஸ் போன்ற நோட் மென்பொருளில்) இருந்து இன்னொன்றுக்குப் போனாலும் அந்தப் பதிவு பொதுவான வடிவத்தில் இருப்பதால் வேலை செய்யும். உடைந்தது கெத் டேட்டாபேஸ் என்றால் அதை மட்டும் அழித்து மீண்டும் ஒத்திசை. வாலிடேட்டர் கோப்புறையைத் தொடாதே, அந்தப் பதிவு அதற்குள்தான் இருக்கிறது.

டோங்காட்புதியவர் | ஞாயிறு, காலை 7.15

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இது டெஸ்ட்நெட், காசுக்கு மதிப்பே இல்லை. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டால் என்ன?

கேப்கடலோரம் | ஞாயிறு, காலை 8.30

நல்ல கேள்வி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். காசு இல்லாத இடத்தில் உடைந்து பழகுவதற்காகத்தான் டெஸ்ட்நெட். ஆனால் உடைந்ததை ஏன் என்று பார்க்காமல் விட்டால் ஒன்றும் பழகவில்லை என்று அர்த்தம்.

ஹொலெஸ்கியில் நடந்ததைச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய டெஸ்ட்நெட் அது. முதல் முயற்சியே, சங்கிலியின் தொடக்க நிலையைச் சொல்லும் ஜெனசிஸ் கோப்பில் இருந்த ஒரு பிழையால் நின்று, இரண்டு வாரம் கழித்து மறுபடி தொடங்கினார்கள். 2025 பிப்ரவரி 24 அன்று அதில் பெக்ட்ரா என்ற எத்தீரிய மேம்பாட்டைப் போட்டார்கள். கெத், நெதர்மைண்ட், பெசு என்ற மூன்று கிளையன்ட்டுகளிலும் ஹொலெஸ்கிக்கான டெப்பாசிட் ஒப்பந்தத்தின் (வாலிடேட்டர் வைப்பைப் பெறும் நிரலின்) முகவரி தவறாக அமைந்திருந்தது. பெரும்பாலோர் ஓட்டியது இந்த மூன்றைத்தான். அதனால் பெரும்பான்மை வாக்கு தவறான கிளைக்குப் போய்விட்டது. எரிகான், ரெத் என்ற வேறு இரண்டு கிளையன்ட்டுகள் சரியான கிளையில் நின்றன, ஆனால் அவற்றின் பின்னால் ஆள் குறைவு.

அன்று நான் கெத்தில் இருந்தேன். இரவு சமையலறையில் கணினியைத் திறந்து வைத்துப் பார்க்கிறேன், என் நோட் பச்சை விளக்கோடு நன்றாக ஓடுகிறது. பிளாக் வருகிறது, வாக்குப் போகிறது, குறை ஒன்றும் இல்லை. தவறான சங்கிலியில் குறையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிளையன்ட்டைப் புதுப்பித்துச் சரியான கிளைக்கு வந்தால், ஸ்லாஷிங் பாதுகாப்பு 'நீ ஏற்கெனவே அந்தப் பக்கம் வாக்களித்தவள்' என்று தடுக்கிறது. இரண்டு வாரம் ஃபைனாலிட்டி, அதாவது பிளாக்குகள் மாற்ற முடியாதபடி உறுதியாவது, இல்லை. மார்ச் 10 அன்றுதான் சங்கிலி திரும்ப உறுதியானது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 17 அன்று ஹூடி பிறந்தது, பெக்ட்ராவை முழுமையாகச் சோதித்துப் பார்ப்பதற்காக.

அதே பெக்ட்ரா, நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டுக்கு மே 7 அன்று வந்தது, ஒரு சிக்கலும் இல்லாமல். நடுவே அந்த இரண்டு வாரம் தூங்காமல் லாக் எடுத்து அனுப்பியவர்கள் எல்லாம் நம்மைப் போல வீட்டில் நோட் வைத்திருந்தவர்களும் கிளையன்ட் எழுதுகிறவர்களும்தான். 'உடைந்தால் உடையட்டும்' என்று எல்லோரும் விட்டிருந்தால் அந்தப் பிழை எங்கே போய் வெளிப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மிட்ராண்ட்நெல்லை | ஞாயிறு, காலை 9.10

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹூடி என்பது பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கத்து மெட்ரோ நிலையம். நான் இங்கே வருவதற்கு முன் நான்கு வருடம் அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தேன். எத்தீரியம் டெஸ்ட்நெட்டுகளுக்கு ரயில் நிலையப் பெயர் வைப்பது பழைய வழக்கம். செப்போலியா ஏதென்ஸில், ரோப்ஸ்டன் ஸ்டாக்ஹோமில், கோவன் சிங்கப்பூரில். அந்தப் பெயரை லாகில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது.

டோங்காட் நண்பரே, நீங்கள் தொடங்குவதாக இருந்தால்: செயலி எழுதிச் சோதிக்க நோட் வேண்டும் என்றால் செப்போலியா. அதில் யார் வேண்டுமானாலும் நோட் ஓட்டலாம், வாலிடேட்டர் மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குத்தான். வாலிடேட்டர் பழக வேண்டும் என்றால் ஹூடி. கோயர்லி என்ற பழைய டெஸ்ட்நெட் முடிந்து போன கதை. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் மேலே படிக்காமல் மூடிவிடுங்கள்.

இரண்டு மென்பொருள் சேர்ந்ததுதான் ஒரு நோட். பரிவர்த்தனைகளை ஓட்டும் எக்சிக்யூஷன் கிளையன்ட் (கெத் போல) ஒன்று, எது சரியான சங்கிலி என்று மற்றவர்களோடு ஒத்துக்கொள்ளும் கன்சென்சஸ் கிளையன்ட் (லைட்ஹவுஸ் போல) ஒன்று. இரண்டும் 8551 போர்ட்டில் பேசிக்கொள்ளும். பேசுவதற்கு 32 பைட் ரகசியம் ஒன்றை இரண்டுக்கும் பொதுவாகக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டும் வேறு வேறு கோப்பைப் படிக்கும், அல்லது ஒன்றுக்கு அந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இருக்காது. கன்சென்சஸ் பக்கத்தை ஆரம்பத்தில் இருந்து ஒத்திசைக்க வேண்டாம், அண்மையில் உறுதியான ஒரு புள்ளியை, அதாவது செக்பாயின்ட்டை, வைத்துத் தொடங்கினால் சில நிமிடத்தில் வந்துவிடும். அந்தச் செக்பாயின்ட்டின் ஹாஷை (அடையாளக் குறியீட்டை) இன்னோர் இடத்திலும் சரிபாருங்கள்.

ரவுட்டரில், மற்ற நோட்டுகளோடு பேசும் 30303, 9000 போர்ட் இரண்டையும் டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். நோட்டுக்குக் கட்டளை கொடுக்கும் 8545-ஐயும் 8551-ஐயும் ஒருபோதும் வெளியே திறக்காதீர்கள். மொபைல் இணையத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது, கம்பெனியின் ஒரே முகவரிக்குப் பின்னால் நூறு பேர் இருப்பார்கள். அப்போதும் நோட் ஓடும். நாமாகப் போய் ஆள் பிடிக்கலாம், நம்மைத் தேடி வருகிறவர்கள் மட்டும் குறைவு.

பீனிக்ஸ்மின்னியல் | ஞாயிறு, மதியம் 1.30

நான் எலெக்ட்ரீஷியன். பிளாக்செயின் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, என் மகன் ஓட்டுகிறான். ஆனால் யுபிஎஸ் தெரியும்.

தம்பி, உன் யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். சின்ன யுபிஎஸ்களில் அதுதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் இழுத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். 12-ஐ 230 ஆக்குவதிலும் கொஞ்சம் போகிறது. மினி கணினி 25 வாட், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட், மொத்தம் 40 வாட். ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. அதுவும் புதுப் பேட்டரியாக இருந்தால். சாட்ஸ்வர்த் வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்த பேட்டரி என்றால் திறன் சீக்கிரமே குறைந்துவிடும். ஈயப் பேட்டரிக்குச் சூடு எமன்.

நீங்கள் சொல்கிற அந்த ஐந்து நிமிடம் எங்கே இருந்து வரும்? 'பேட்டரி குறைவு' என்று யுபிஎஸ் சொல்லும் நேரத்தில் பழைய பேட்டரியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்காது. அதனால் பேட்டரி அளவைப் பார்த்து அணைக்காதே. கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பவில்லை என்றால் அப்போதே அணைக்கத் தொடங்கு.

நான் என் மகனுக்குச் செய்து கொடுத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி. 256 வாட்-மணி வருகிறது. இருபது சதவீதம் விட்டுவைத்து, இழப்பையும் கழித்தால் 40 வாட்டுக்கு நான்கு மணி நேரம் தாராளம். விலை கூடத்தான், ஆனால் பல வருடம் வரும்.

இன்னொன்று. கரண்ட் போகும்போது கெடுவதைவிடத் திரும்பி வரும்போது கெடுவது அதிகம். வருகிற வேகத்தில் அலை அடிக்கும். சர்ஜ் பாதுகாப்பு இல்லாமல் எதையும் சொருகாதே. நம் பக்கத்து வீடுகளில் ஃப்ரிட்ஜ், டிவி, கேட் மோட்டார் எத்தனை போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

சாட்ஸ்வர்த்வாசி | திங்கள், இரவு 8.50

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. மாமா வீட்டில் கீ போடவில்லை, இனியும் போடமாட்டேன்.

கெத்தை அழித்து மீண்டும் ஒத்திசைத்தேன். காலக்கெடுவை ஐந்து நிமிடமாக மாற்றினேன். பிறகு கையாலேயே நிறுத்திப் பார்த்தேன். ஐந்து நிமிடமும் ஒன்றும் நடக்காமல் அப்படியே நிற்கிறது, கடைசியில் டாக்கர் கொன்றுவிடுகிறது. லாகில் 'நிறுத்தச் சொன்னார்கள்' என்ற வரியே இல்லை. மறுபடி அதே அன்கிளீன் ஷட்டவுன்.

மிட்ராண்ட்நெல்லை | திங்கள், இரவு 9.05

கெத்தை நேரடியாகத் தொடங்குகிறாயா, இல்லை நடுவில் ஏதாவது ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறாயா?

சாட்ஸ்வர்த்வாசி | திங்கள், இரவு 9.12

ஸ்கிரிப்ட் இருக்கிறது. தேதியை அச்சிட்டுவிட்டு கெத்தைக் கூப்பிடும் நான்கு வரி. ஒரு வழிகாட்டியில் இருந்து எடுத்தது.

மிட்ராண்ட்நெல்லை | திங்கள், இரவு 9.30

அதுதான். கண்டெய்னருக்குள், அதாவது டாக்கரின் பெட்டிக்குள், முதலில் ஓடும் ப்ராசஸ் உன் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஷெல். டாக்கர் அனுப்பும் சிக்டெர்ம் அந்த ஷெல்லுக்குத்தான் போகிறது. ஷெல் அதைத் தன் பிள்ளைக்கு, அதாவது கெத்துக்கு, தானாகக் கடத்தாது. வீட்டு வாசலில் தந்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே சொல்லாமல் உட்கார்ந்திருப்பது போல. கெத்துக்குச் செய்தியே வரவில்லை, அது பாட்டுக்கு பிளாக் வாங்கிக்கொண்டிருக்கிறது, நேரம் முடிந்ததும் கழுத்தில் வெட்டு விழுகிறது.

ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் கெத்துக்கு முன்னால் எக்செக் என்ற ஒரு சொல்லைப் போடு. அப்போது ஷெல் விலகி, அதே இடத்தில் கெத் உட்காரும், சைகை நேராக அதற்குப் போகும். இல்லையென்றால் ஸ்கிரிப்ட்டையே தூக்கிவிடு. நான் இதே காரணத்தால் 2022-இல் ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன். டிஸ்கைச் சந்தேகப்பட்டுப் புது டிஸ்க்கே வாங்கிப் போட்டேன்.

கேப்கடலோரம் | திங்கள், இரவு 10.15

இதைச் சரிசெய்த பிறகு ஒன்றைச் சோதிக்காமல் விடாதே தம்பி: திரும்ப எழுவது. கணினியின் பயாஸில் 'கரண்ட் வந்தால் தானே எழு' என்று வைத்திருப்பாய். ஆனால் பேட்டரி மிச்சம் இருக்கும்போதே கணினி அணைந்து, பேட்டரி தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், கணினியின் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. யுபிஎஸ் இடைவிடாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் எழாது. ஆயா வீட்டில் அப்படியே கிடக்கும், நீ வேலையில் இருப்பாய். இதற்கு, கணினி அணைந்து முடிந்ததும் யுபிஎஸ்ஸும் தன் வெளியீட்டைத் துண்டித்து, கரண்ட் வந்த பின் திரும்பக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது, யுபிஎஸ் ஒத்துழைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம், எல்லோருக்கும். டெஸ்ட்நெட் கீயை உருவாக்க எடுத்த 24 ரகசியச் சொற்களை மெயின்நெட்டில் பயன்படுத்தாதீர்கள், அங்கே உள்ளதை இங்கேயும் கொண்டுவராதீர்கள். சோதனை ஈத்தரைக் காசுக்கு விற்கிறேன் என்று வாட்ஸ்ஆப் குழுவில் யார் வந்தாலும் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். நம் சங்கத்துக் குழுவிலேயே ஒரு பெரியவரிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதால் தப்பித்தார். ஃபாசெட்டில் இலவசமாகக் கிடைப்பது அது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டோங்காட்புதியவர் | செவ்வாய், காலை 6.50

செப்போலியாவில் தொடங்கிவிட்டேன். அண்ணா சொன்ன ரகசியக் கோப்பில்தான் தடுக்கினேன், அனுமதி இல்லை. சரிசெய்ததும் ஓடுகிறது.

சாட்ஸ்வர்த்வாசி | வெள்ளி, இரவு 10.40

எக்செக் போட்டதும் கெத் பதினெட்டு விநாடியில் நின்றது. அவ்வளவுதான், பதினெட்டு விநாடி. இத்தனை நாள் பத்தில் வெட்டுப்பட்டதும், பிறகு ஐந்து நிமிடம் காத்தும் சாகடித்ததும் இதற்காகத்தான்.

பீனிக்ஸ் அண்ணா நேற்று நேரில் வந்து பேட்டரியைப் பார்த்தார். பழையது முக்கால்வாசி செத்திருந்தது. புதியதை அலமாரிக்கு வெளியே, காற்று வரும் பக்கம் வைத்துவிட்டோம். ஆயா அவருக்குச் சாப்பாடு போடாமல் விடவில்லை.

இன்று மாலை ஆறரைக்கு நிஜமாகவே கரண்ட் போனது. நான் அங்கேயே இருந்தேன். யுபிஎஸ் டொக் என்று ஒரு சத்தம், ரவுட்டர் விளக்கு அசையவில்லை. ஆயா சாமி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார், அந்த வெளிச்சத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் ஆனதும் வாலிடேட்டர் நின்றது, பிறகு லைட்ஹவுஸ், பிறகு கெத் ஒவ்வொன்றாக எழுதி முடித்து நின்றது. விசிறி ஓய்ந்தது. சில விநாடி கழித்து யுபிஎஸ்ஸின் விளக்கும் அணைந்தது. 'முடிஞ்சுதா?' என்று ஆயா கேட்டார். இன்னும் பாதிதான் என்றேன்.

எட்டு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. கணினி தானே எழுந்தது. லாகில் அன்கிளீன் ஷட்டவுன் இல்லை. எட்டு இருபதுக்கு வாலிடேட்டர் வாக்குப் போடத் தொடங்கிவிட்டது. தவறியது பதினைந்து பதினாறு வாக்குதான்.

அக்கா, ஒரு கேள்வி. உங்கள் ஹொலெஸ்கி கதையைப் படித்த பிறகு கெத்தை விட்டு நெதர்மைண்டோ பெசுவோ எடுக்கலாம் என்று பார்த்தேன். மூன்றுமே அன்று விழுந்தவை. ரெத் எடுத்தால் 2 டெராபைட்டில் இடம் போதுமா?

கேப்கடலோரம் | வெள்ளி, இரவு 11.05

ஹூடிக்குத் தாராளமாகப் போதும். வாலிடேட்டருக்கு ஃபுல் நோட் இருந்தால் சரி, எல்லாப் பழைய நிலைகளையும் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோட் தேவையில்லை. அதைத் தொடங்கும்போதே சொல்லிவிடு, இல்லையென்றால் முழு வரலாற்றையும் சேர்க்க ஆரம்பிக்கும். கெத் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெத்தைப் பக்கத்தில் தனிக் கோப்புறையில் ஒத்திசைக்க விடு, வேறு போர்ட்டில். அதற்குக் கன்சென்சஸ் பக்கம் தனியாக ஒன்று வேண்டும், ஆனால் வாலிடேட்டர் ஒன்றே ஒன்றுதான், நினைவிருக்கட்டும். முடிந்ததும் சொல், மாற்றும்போது நானும் கூட இருக்கிறேன்.